ஹெவி லைசென்ஸ் எடுக்க யார் காசு கட்டுவது? முதல் லாரி முதலாளியிடம் என்ன கேட்க வேண்டும்?

"ஏனுங்க மாமா, ஹெவி எடுத்துட்டா வண்டி குடுத்துருவாங்களா?"

"லைசென்ஸப் பாத்து யாரு மாப்ள வண்டி குடுக்கறா? அனுபவத்தப் பாத்துத்தான் குடுப்பாங்க."

"அனுபவம் வரணும்னா மொதல்ல வண்டி வேணுமில்லீங்களா?"

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரு டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். லாரி, கேஸ் டேங்கர், ரிக் வண்டி என ஊரே சக்கரத்தில் ஓடும் பகுதி அது. டிரைவர் கிடைக்கவில்லை என்று உரிமையாளர்கள் புலம்புகிறார்கள். அதே ஊரில், ஹெவி லைசென்ஸை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை தேடும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் பணம் போகிறது. பயிற்சிக்குக் கட்டிய காசு, புரோக்கருக்குக் கொடுத்த காசு, முதல் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் சேர்ந்து, வேலைக்குச் சேரும் முன்பே கடனாளியாக நிற்பவர்கள் உண்டு. லைசென்ஸுக்கு உண்மையில் என்ன தேவை? பயிற்சிக்கு எதைப் பார்த்துக் காசு கட்டுவது? முதல் வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிளீனர் என்ற பழைய பள்ளிக்கூடம்

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தத் தொழிலுக்குக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது. பையன் கிளீனராக வண்டியில் ஏறுவான். டயர் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, சமைப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று சத்தம் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. டிரைவர் அண்ணனுக்கு மனசு வந்தால், ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங் கைக்கு வரும். இரண்டு மூன்று வருடத்தில் கிளீனராக ஏறியவன் டிரைவராக இறங்குவான்.

அந்த முறையில் குறைகள் ஏராளம். அடி, வசவு, சம்பளமில்லாத உழைப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் லோடு ஏற்றிய வண்டி இறக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவன் உடம்பால் கற்றிருப்பான். இன்று பல வண்டிகளில் கிளீனர் இல்லை. செலவைக் குறைக்க டிரைவர் ஒருவரையே அனுப்புகிறார்கள். இலவசப் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படிக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, சரக்கு வாகனம் போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்ட வயது 20 ஆகியிருக்க வேண்டும். கார் ஓட்ட 18 போதும். லாரிக்கு அது போதாது. அதோடு, இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆனவருக்குத்தான் போக்குவரத்து வாகனத்துக்கான எல்எல்ஆர் கிடைக்கும்.

எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2019-இல் நீக்கப்பட்டது. இன்னும் சில புரோக்கர்கள், "எட்டாவது சர்டிபிகேட் இல்லையா? நான் ரெடி பண்ணித் தரேன்" என்று காசு கேட்டால், தேவையே இல்லாத ஒன்றை விற்கிறார்கள் என்று அர்த்தம்.

எல்எல்ஆருக்கு மருத்துவச் சான்று வேண்டும். ஹெவி தேர்வுக்குப் போகும்போது, உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழ் கட்டாயம். இதனால்தான் காரைப் போல வீட்டு வண்டியில் பழகிவிட்டு நேராக ஆர்டிஓ ஆபீஸுக்குப் போக முடிவதில்லை. பள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும்.

மத்திய விதிகளில் உள்ள அரசுக் கட்டணம் பெரிய தொகை அல்ல. எல்எல்ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 300 ரூபாய், ஏற்கெனவே உள்ள லைசென்ஸில் புதிய வகையைச் சேர்க்க 500 ரூபாய். இதன்மேல் மாநில அரசின் சேவைக் கட்டணம் வரலாம். மீதி எல்லாம் பயிற்சிக் கட்டணமும் இடையில் இருப்பவர்களின் பங்கும்தான். "மொத்தம் இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொன்னால், அதில் அரசுக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது நல்லது. கேட்டதும் கோபப்படும் இடத்தில் காசு கட்டாமல் இருப்பது அதைவிட நல்லது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கேஸ், பெட்ரோல் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் டேங்கர் ஓட்ட, தனியாக 3 நாள் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். அந்தப் பதிவுள்ள லைசென்ஸ் 3 ஆண்டுதான் செல்லும்.

காத்திருக்கும் அந்த ஒரு வருடம்

கார் லைசென்ஸுக்கும் ஹெவிக்கும் நடுவே உள்ள ஒரு வருடத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு இங்கே உதவும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம். தனி அனுமதி தேவையில்லை என்றது அந்தத் தீர்ப்பு.

அதாவது, 20 வயது ஆனவர் 'குட்டி யானை', பிக்கப், சிறிய சரக்கு வேன் ஆகியவற்றை இப்போதே ஓட்டி சம்பாதிக்கலாம். சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது, லோடு கட்டுவது, பில் சரிபார்ப்பது, செக்போஸ்ட்டில் பேசுவது எல்லாம் அங்கேயே பழகிவிடும். ஒரு வருடம் கழித்து ஹெவிக்குப் போகும்போது, "அனுபவம் இருக்கா?" என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். பயிற்சிக் கட்டணத்தின் ஒரு பகுதியும் கையில் சேர்ந்திருக்கும்.

பள்ளியில் எதற்குக் காசு கட்டுகிறோம்?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, போக்குவரத்து வாகனப் பயிற்சி குறைந்தது 30 நாள் நடக்க வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது 15 மணி நேரம் வண்டி ஓட்டியிருக்க வேண்டும். அருகில் உட்கார்ந்து பார்த்த நேரம் இதில் சேராது.

2021 ஜூலை முதல், அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்ற தனி வகையும் நடைமுறைக்கு வந்தது. அங்கே கனரக வாகனப் பயிற்சி 6 வாரத்தில் 38 மணி நேரம். பாடம், செய்முறை இரண்டும் அதில் சேரும். சிமுலேட்டரும் ஓட்டுதளமும் அங்கே இருக்க வேண்டும். அந்த மையத்தில் தேறியவர் ஆர்டிஓ அலுவலகத்தில் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் ஒரு அரை நாள் செலவழித்து, பள்ளியில் நேரில் பார்க்க வேண்டியவை:

● படிவம் 11-இல் உள்ள பள்ளி உரிமம் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா?

● பள்ளிக்குச் சொந்தமாக ஹெவி வண்டி இருக்கிறதா? பயிற்சியாளர் பக்கமும் பிரேக், கிளட்ச் உள்ள இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தியிருக்கிறார்களா?

● ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? 10 பேர் ஏறி, ஆளுக்கு 5 நிமிடம் ஓட்டினால் 30 நாளில் ஒருவருக்கு இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும்.

● ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதைப் படிவம் 15 பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே கையெழுத்தில் ஒரே நேரம் நிரப்பியிருந்தால், அந்தப் பள்ளி சான்றிதழ் விற்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

● லோடு ஏற்றிய வண்டி, இரவு ஓட்டம், இறக்கம், கிடங்கில் ரிவர்ஸ் வைத்து நிறுத்துவது இவற்றில் எதையாவது கற்றுத் தருகிறார்களா?

கடைசிக் கேள்விக்கு "எல்லாம் வண்டில போயி பழகிக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால், முழுப் பாடமும் முதல் முதலாளியின் தலையில்தான் விழப்போகிறது. அப்படியென்றால் முதலாளியைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் இரட்டிப்புக் கவனம் தேவை.

காசுக்கு நான்கு வழிகள்

முதல் வழி, சொந்தக் காசு. ஒரு வருடம் சின்ன வண்டி ஓட்டிச் சேர்ப்பது இதில் அடங்கும். மெதுவான வழிதான்; ஆனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, அரசு அல்லது நிறுவனப் பயிற்சி. தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சி மையம் வைத்திருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், தாட்கோ போன்றவை நடத்தும் பயிற்சிகளில் ஓட்டுநர் பயிற்சி வருகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது. இடம் குறைவாக இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும். சேரும் முன், லைசென்ஸ் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு இவற்றில் எது இலவசம், எது கைக்காசு என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வங்கிக் கடன். மத்திய அரசின் மாதிரித் திறன் கடன் திட்டத்தில் உச்சவரம்பு 2024-இல் 1.5 லட்சம் ரூபாயிலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. அரசு உத்தரவாதம் இருப்பதால் பிணை தேவையில்லை. ஆனால் எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தாது. தகுதியுள்ள பயிற்சியா என்று வங்கியில் முதலில் கேட்க வேண்டும். ஹெவி பயிற்சிக்குப் பெரிய தொகை தேவைப்படாது என்பதால், அம்மாவின் மகளிர் குழுக் கடனோ நகைக்கடனோகூடப் பல வீடுகளில் போதுமானதாக இருக்கிறது. தினவட்டி, கந்துவட்டிப் பக்கம் மட்டும் போகக் கூடாது.

நான்காவது, "நாங்களே கத்துக்கொடுத்து லைசென்ஸ் எடுத்துத் தரோம், நீ எங்ககிட்டயே ஓட்டு" என்று முதலாளியோ நிறுவனமோ கட்டுவது. கேட்க இனிப்பாக இருக்கும். கேள்விகள் இங்கேதான் தொடங்குகின்றன.

'பாண்டு' ஐடி கம்பெனிக்கு மட்டுமல்ல

பயிற்சி கொடுத்துவிட்டு, "2 வருஷத்துக்குள் போனால் இவ்வளவு கட்டணும்" என்று கையெழுத்து வாங்குவது ஐடி ஊழியர்களுக்குப் பழக்கமானது. அதெல்லாம் சட்டப்படி செல்லாது என்று நண்பர்கள் தைரியம் சொல்வதும் உண்டு. அது முழு உண்மை அல்ல. 2025 மே மாதம், ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரியின் வழக்கில், 3 ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே நேரம், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பயிற்சிக்கு 15,000 ரூபாய் செலவழித்துவிட்டு ஒரு லட்சம் கேட்டால், அதை எதிர்த்துக் கேள்வி கேட்க இடமுண்டு. எனவே கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்கள் தாளில் இருக்க வேண்டும்: பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவு, எத்தனை மாதம் வேலை செய்தால் அது கழியும், மாதாமாதம் அந்தத் தொகை குறைகிறதா அல்லது கடைசி நாள் வரை முழுசாக நிற்கிறதா.

முன்பணம்: கைக்கு வரும் காசா, காலில் விழும் கட்டா?

லாரித் தொழிலில் பாண்டுப் பத்திரத்தைவிடப் பழையது முன்பணம். வேலைக்குச் சேரும்போதே 20,000, 50,000 என்று முதலாளி கையில் கொடுப்பார். தங்கை கல்யாணம், அப்பா ஆஸ்பத்திரிச் செலவு என்று வீட்டில் தேவை இருக்கும்போது அது பெரிய உதவிதான். பல முதலாளிகள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. சம்பளத்தில் கழித்தது போக இன்னும் எவ்வளவு பாக்கி என்று டிரைவருக்குத் தெரியாது. நோட்டு முதலாளியிடம் இருக்கும். டயர் வெடித்தது, சரக்கு குறைந்தது, அபராதம் விழுந்தது எல்லாம் அதே நோட்டில் ஏறும். வேறு வேலைக்குப் போக நினைத்தால், "கணக்க முடிச்சுட்டுப் போ" என்பார்கள். சில இடங்களில் அசல் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முன்பணம் வாங்குவது குற்றமல்ல. ஆனால் அந்தக் கடனைக் காட்டி ஒருவர் வேறு வேலைக்குப் போக முடியாமல் தடுப்பதும், கூலியே இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க வைப்பதும் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். செங்கல் சூளைக்கு மட்டும் போடப்பட்ட சட்டம் அல்ல அது. புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம்.

முன்பணம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், இரண்டு பேர் கையிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். மாதக் கடைசியில் "இந்த மாதம் 3,000 கழித்தது, பாக்கி 17,000" என்று முதலாளிக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்தாலே போதும். லைசென்ஸைப் பொறுத்தவரை நகல் கொடுத்தால் போதும். சாலையில் காட்ட டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள லைசென்ஸும் செல்லும் என்பதால், வேலைக்குச் சேரும் முன்பே அதை போனில் ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது.

சம்பளமா, கிலோமீட்டரா?

முதல் வேலையில் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியது, "வண்டி நிக்கிற நாளுக்கு யார் காசு தருவது?" என்பதை.

ஒரு கணக்குப் பார்க்கலாம். இவை புரிவதற்காகப் போட்ட எண்கள். சந்தைச் சம்பளம் அல்ல.

முதலாளி 'அ': மாதச் சம்பளம் 18,000 ரூபாய். ஓடும் நாளுக்கு பேட்டா 400. மாதம் 22 நாள் ஓடினால் பேட்டா 8,800. மொத்தம் 26,800.

முதலாளி 'ஆ': சம்பளம் கிடையாது. கிலோமீட்டருக்கு 4 ரூபாய். மாதம் 9,000 கிலோமீட்டர் ஓடினால் 36,000.

வழிச் சாப்பாடு, குளியல், பார்க்கிங் என்று இருவரிடமும் நாளுக்கு 250 ரூபாய் கைக்காசு போகிறது என்று வைத்தால், மாதம் 7,500. 'அ'-விடம் மிஞ்சுவது 19,300. 'ஆ'-விடம் 28,500. பார்த்தவுடன் 'ஆ'தான் லாபம்.

இப்போது லோடு ஏற்ற, இறக்க கிடங்கு வாசலிலும் துறைமுகத்திலும் மாதம் 8, 10 நாள் காத்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் 6,000 கிலோமீட்டராகக் குறைகிறது. 'ஆ' தருவது 24,000. செலவு அதே 7,500. மிஞ்சுவது 16,500. 'அ'-விடம் பேட்டா நாள் 15 ஆகக் குறைந்தாலும் கையில் 16,500 நிற்கும். அதற்கு மேல் வண்டி நின்றால் 'அ'தான் மேல். ஒர்க்‌ஷாப்பில் வண்டி 10 நாள் நின்றால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

காத்திருப்பது டிரைவர் கையில் இல்லை. அந்த ரிஸ்க்கை முதலாளி சுமக்கிறாரா, டிரைவர் சுமக்கிறாரா என்பதுதான் சம்பள முறையின் உண்மையான வித்தியாசம். அனுபவம் வந்த பிறகு, எந்த ரூட்டில் வண்டி நிற்காது என்று தெரிந்த பிறகு கிலோமீட்டர் கணக்குக்கு மாறலாம். முதல் வருடத்தில் நிலையான சம்பளம் உள்ள இடமே பாதுகாப்பு.

டீசல் மிச்சமும் தொப்பூர் இறக்கமும்

சில இடங்களில் மைலேஜ் போனஸ் உண்டு. வண்டிக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு. மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு. நிதானமாக ஓட்டினால் மிச்சம் வரும் என்பது உண்மைதான். ஆனால் சீக்கிரம் மிச்சம் பிடிக்க இன்னொரு வழியும் இருக்கிறது: இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது.

தர்மபுரி மாவட்டம் தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கங்களில் போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான். கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலுக்குப் போனதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. முழு லோடும் பிரேக்கின் மேல் விழுகிறது. விட்டு விட்டு மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காமல் போகும். ஏர் பிரேக்கில் காற்றும் குறைந்துகொண்டே வரும். மேட்டில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

சில நூறு ரூபாய் டீசலுக்காக ஒரு புதிய டிரைவரை இந்த ஆசைக்குள் தள்ளும் சம்பள முறை, அவருக்கு மட்டுமல்ல, முன்னால் போகும் காருக்கும் ஆபத்து. மைலேஜ் போனஸ் பற்றிப் பேசும் முதலாளியிடம், "மலைப்பாதை ரூட்டுக்கும் இதே கணக்கா?" என்று கேட்பது தவறில்லை. டிரிப் கணக்கில் காசு தரும் டிப்பர் வேலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நடை கூடினால்தான் காசு என்றால் வேகம் தானாகக் கூடும்.

எந்த மாதிரி முதலாளி?

ஒற்றை வண்டி முதலாளி பெரும்பாலும் முன்னாள் டிரைவராக இருப்பார். வண்டியின் அருமை தெரியும், சொல்லிக் கொடுப்பார், ராத்திரி 2 மணிக்கு போன் போட்டாலும் எடுப்பார். ஆனால் வண்டித் தவணை கட்ட முடியாத மாதம் சம்பளமும் தள்ளிப்போகும். பிஎஃப், எழுத்துக் கடிதம் எதிர்பார்க்க முடியாது.

பத்து இருபது வண்டி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்டில் ஒரு வண்டி நின்றால் இன்னொன்று கிடைக்கும். பழைய டிரைவரோடு சில டிரிப் இரண்டாம் ஆளாக அனுப்பும் வழக்கம் உள்ள இடமாகப் பார்த்தால், கிளீனர் காலத்துப் பாடம் அங்கே கிடைத்துவிடும்.

பெரிய லாஜிஸ்டிக்ஸ், பார்சல் நிறுவனங்களில் வங்கிக் கணக்கில் சம்பளம், பிஎஃப், ஜிபிஎஸ் கண்காணிப்பு எல்லாம் இருக்கும். நேரக் கெடுபிடியும் இருக்கும். பல இடங்களில் நிறுவனத்தின் பெயர் வண்டியில் இருந்தாலும், ஆள் சேர்ப்பது ஒப்பந்ததாரராக இருப்பார். சம்பளச் சீட்டில் யார் பெயர் வருகிறது என்று கேட்க வேண்டும்.

கேஸ் டேங்கரில் வரும்படி நன்றாக இருந்தாலும், அது முதல் வேலை அல்ல. ஓரிரு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

ஓய்வு, லோடு, இன்சூரன்ஸ்: கேட்கத் தயங்கக் கூடாத மூன்று

ஓய்வு: 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்றது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இணைந்துவிட்டது. சாலையில் இந்தக் கணக்கை யாரும் எண்ணுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பயனுள்ள அளவுகோல் இருக்கிறது. சாதாரணச் சரக்குக்கான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். அரசே தரும் கால அளவு அது. நாளுக்கு 600, 700 கிலோமீட்டர் தனி ஆளாக ஓட்டச் சொல்லும் முதலாளியிடம், இரண்டாவது டிரைவர் உண்டா என்று கேட்க வேண்டும்.

லோடு: அனுமதித்த எடையைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை போட மறுத்தால் 40,000. ஓட்டியவர், ஓட்டச் சொன்னவர் இருவரையும் சட்டம் பொறுப்பாக்குகிறது. "ஓவர்லோடு அபராதம் யார் கட்டுவது?" என்பது சேரும் நாளிலேயே பேச வேண்டிய விஷயம்.

இன்சூரன்ஸ்: வண்டிக்கு பாலிசி இருந்தாலே டிரைவருக்கும் எல்லாம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 15 லட்சம் ரூபாய் கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கானது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் பாலிசியில் தனியாகச் சேர்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்கான பிரீமியம் ஆண்டுக்கு வெறும் 50 ரூபாய். பாலிசி நகலைக் கேட்டு அந்த ஒரு வரியைத் தேடினால் போதும். விபத்து நடந்தால் இழப்பீடு கேட்க, வேலையில் இருந்ததற்கான ஆதாரமும் தேவை. அதனால் சம்பளத்தில் ஒரு பகுதியாவது வங்கி அல்லது யுபிஐ வழியாக வருவது நல்லது.

இதோடு, தமிழக அரசின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முதலாளியின் அனுமதி எதுவும் அதற்குத் தேவையில்லை.

சேரும் முன் ஒரு சுற்று

● அந்த முதலாளியிடம் இப்போது ஓட்டும் டிரைவர் ஒருவரிடமும், விட்டுப் போன டிரைவர் ஒருவரிடமும் பேச வேண்டும். விட்டுப் போனவர் சொல்வதில்தான் விஷயம் இருக்கும்.

● வண்டியின் எப்சி, பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பதிவெண்ணை வைத்து போனிலேயே பார்த்துவிடலாம்.

● டயரையும் பிரேக்கையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆபீஸ் பளபளப்பாக இருந்து டயர் வழுக்கையாக இருந்தால், எது முக்கியம் என்று முதலாளி சொல்லாமலே சொல்லிவிட்டார்.

● கேபினில் ஏசி இருக்கிறதா? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் அது கட்டாயம். பழைய வண்டியில் இருக்காது. மே மாத ஓட்டத்துக்கு அதை மனதில் வைக்க வேண்டும்.

● விபத்து நடந்தால் முதல் போன் யாருக்கு? வக்கீல், ஜாமீன் செலவு யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்கு முதலாளி தயங்காமல் பதில் சொன்னால், பாதித் தேர்வு முடிந்தது.

டீக்கடை மாமா சொன்னது சரிதான்; லைசென்ஸைப் பார்த்து யாரும் வண்டி கொடுப்பதில்லை. ஆனால் மாப்பிள்ளையும் முதலாளியைப் பார்க்காமல் சாவியை வாங்கக் கூடாது. ஹெவிக்குக் கட்டிய காசை ஒரு வருடத்தில் சம்பாதித்துவிடலாம். அவசரத்தில் வாங்கிய முன்பணம் கழிய எத்தனை வருடம் ஆகும் என்பது நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.